நடுவில் யார் நிற்கிறார்? ஓர் இசைக்குழுச் சுவரொட்டியை வாசித்தல்



இந்த நினைவுரை யார் பெயரால் ஆண்டுதோறும் நடக்கிறதோ, அவர் சுவரில் எழுதிப் பிழைத்தவர். திண்டிவனம் சாலையிலும் திருவண்ணாமலை சாலையிலும் அவர் எழுதிய எழுத்துகள் சில இன்னும் சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாகத் தெரிகின்றன. கட்சிச் சின்னம், உர விளம்பரம், டூரிங் கொட்டகைப் படத்தின் பெயர், மஞ்சள் நீராட்டு விழா என்று எதையும் எழுதுவார். கூலி வாங்காமல் எழுதியது ஒன்றுதான்: சேரித் தெருமுனையில் அண்ணல் அம்பேத்கரின் உருவம். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்தது. கடைசிக் காலத்தில் வேலையே இல்லை. அதனால் இந்த ஆண்டு கவிதையையோ நாவலையோ எடுத்துக்கொள்ளாமல் சுவரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பகுதிப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பறையிசைக் குழு தொடங்கியிருக்கிறார்கள். பதினோரு பேர். மூன்று பெண்கள். முதல் நிகழ்ச்சிக்குச் சுவரொட்டி அடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தது இரண்டு மாலைகளை விழுங்கியது. சண்டை ஒரு சொல்லில் தொடங்கி ஒரு படத்தில் போய் நின்றது. இந்த உரை அந்தச் சண்டையிலிருந்து வந்தது.

முதலில், சுவரொட்டியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் பேசிவிடலாம். புத்தகத்தைக் கையில் எடுத்துப் படிக்கிறோம். சுவரொட்டியை அப்படிப் படிப்பதில்லை. பேருந்து திரும்பும்போது, டீக்கடையில் சில்லறை வாங்கும்போது, கண் அதன் மேல் பட்டுப் போகிறது. இரண்டு மூன்று நொடிதான். அதற்குள் ஒரு சுவரொட்டி நம்மிடம் சொல்லிவிடுவது அதில் எழுதியிருப்பதை அல்ல. எது பெரியது, எது சிறியது. யார் நடுவில், யார் ஓரத்தில். யாருக்கு முகம், யாருக்கு வெறும் பெயர், யாருக்கு இரண்டும் இல்லை என்பதைத்தான் முதலில் சொல்கிறது. எழுத்து அப்புறம் வருகிறது.

ரோலண் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் 1957இல் எழுதிய நூலில் ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையைப் பற்றிப் பேசுவார். ஒரு கறுப்பினச் சிறுவன் இராணுவ உடையில் சலாம் வைக்கிறான்; அவ்வளவுதான் படம். பிரெஞ்சுப் பேரரசில் நிறபேதம் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் விரும்பியே அதற்குச் சேவகம் செய்கிறார்கள் என்று ஒரு சொல்கூட இல்லாமல் அந்தப் படம் சொல்லிவிடுகிறது என்பார். சமூகவியல் படித்த காலத்தில் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோம். செஞ்சிப் பேருந்து நிலையத்துச் சுவரில் இதே வேலை தினமும் நடக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

பேண்டு செட் போர்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேலே சாமி படம். அதன் கீழே குழுவின் பெயர், பெரும்பாலும் அம்மன் பெயரில். ஒரு பக்கம் உரிமையாளர் கைகூப்பி நிற்கும் படம். மறுபக்கம் டிரம்பெட், சாக்ஸபோன், டிரம் செட். இணையத்திலிருந்து இறக்கிய படங்கள். அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசிக்க ஆளே இருக்காது, ஆனாலும் படத்தில் பளபளக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கைபேசி எண். வாசிப்பவர்கள் எங்கே? கருவி இருக்கிறது, அழைக்க எண் இருக்கிறது, வாடகைக்கு விடுபவர் இருக்கிறார். ஊதுகிற வாயும் அடிக்கிற கையும் இல்லை. வாசிப்பவர் இன்று ஒருவர், நாளை வேறொருவர். ஆகவே அவருக்கு முகம் தேவையில்லை என்பது அந்தப் போர்டின் இலக்கணம்.

அவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஊர்வலத்தில்தான் பார்க்க வேண்டும். சிவப்புக் கோட்டு, தோளில் பொன்னிறச் சரிகை, சில சமயம் தொப்பி. இது வெள்ளைக்காரன் பட்டாளத்து பேண்டின் உடுப்பு. ஆங்கிலேய இராணுவத்தின் பித்தளை வாத்தியக் குழுக்களைப் பார்த்து இந்தியாவெங்கும் கல்யாண பேண்டுகள் உருவாயின. இதைப் பற்றி கிரிகரி பூத் என்ற ஆய்வாளர் 2005இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். உடுப்பு ராஜாவுடையது போலத் தெரியும். ஆனால் மண்டபத்து வாசல் வரைதான் அந்த உடுப்புக்கு வேலை. பந்தியில் கடைசி, சில இடங்களில் பந்தியே இல்லை, பின்பக்கம் பொட்டலம். மே மாத வெயிலில் அந்தக் கெட்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். கழற்றினால் உள்சட்டையைப் பிழியலாம்.

கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கோட்டு இன்னொரு படத்தில் வரும்போது எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போகிறோம்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பத்தொன்பது பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, கிட்டார், டிரம்ஸ். பெரும்பாலோர் வடசென்னைப் பிள்ளைகள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானா, இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட வந்தது. குழுவின் விளம்பரப் படங்களிலும் மேடையிலும் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சாம்பல் நிற கோட்டு சூட் அணிந்திருந்தார்கள்.

அன்றைக்கு எங்களில் சிலருக்கே அது உறுத்தியது. கானாவுக்கு எதற்கு கோட்டு? லுங்கியும் பனியனும்தானே அதன் உடுப்பு என்று கேட்டோம். பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் எங்கள் கேள்வியின் கோணல் புரிந்தது. கானா பாடகன் என்றால் லுங்கி, பறையடிப்பவன் என்றால் சட்டையில்லா உடம்பு, தலையில் துண்டு: இந்தப் படத்தை நம் மனதில் வைத்தது யார்? சினிமா வைத்தது, சுற்றுலாத் துறைக் காலண்டர்கள் வைத்தன, ‘கிராமியக் கலை விழா’ விளம்பரங்கள் வைத்தன. உழைக்கும் உடம்பை அழகாகக் காட்டுகிறோம் என்ற பெயரில் அந்த உடம்பை அந்த இடத்திலேயே நிற்க வைத்தன.

அண்ணல் அம்பேத்கரின் கோட்டுக்கு வருவோம். 1930 தொடங்கி நடந்த வட்டமேசை மாநாட்டின் புகைப்படங்களைப் பாருங்கள். அங்கே மகாராஜாக்கள் தலைப்பாகையோடும் நகைகளோடும் இருக்கிறார்கள். அம்பேத்கர் மற்றவர்களைப் போல ஒரு கோட்டு அணிந்திருக்கிறார். நம் ஊர் இரட்டைமலை சீனிவாசனும் அந்த மாநாட்டுக்குப் போனவர். இடுப்புக்கு மேல் துணி போடக் கூடாது, காலில் செருப்பு கூடாது என்றெல்லாம் விதி வைத்திருந்த ஒரு நாட்டில், கிழியாத, அளவெடுத்துத் தைத்த ஒரு கோட்டு என்பது சட்ட வாதம் போல ஒன்று. ஆகவேதான் நம் சிலைகளில் கோட்டு மாறுவதில்லை. நாங்கள் நினைவுகூரும் ஓவியர் சேரிச் சுவரில் வரைந்தபோது முகம் சரியாக வரவில்லை என்று சிலர் சொன்னார்களாம். ‘கோட்டும் கண்ணாடியும் சரியா இருந்தா போதும், முகத்தைச் சனங்க போட்டுக்கும்’ என்றாராம். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்தச் சுவரில் யார் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

இப்போது இரண்டு கோட்டுகளையும் பக்கத்தில் வையுங்கள். பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டும் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் சாம்பல் கோட்டும் இரண்டுமே வெள்ளைக்காரனிடமிருந்து வந்தவை. இரண்டுமே சீருடை. முதலாவது, இன்னொருவர் வீட்டு விசேஷத்துக்கு அலங்காரம். அதைப் போட்டவர் மாப்பிள்ளைக்கு முன்னால் நடக்கிறார், ஆனால் படத்தில் இருக்க மாட்டார். இரண்டாவதில் மாப்பிள்ளை இல்லை, ஊர்வலம் இல்லை. கோட்டு போட்டவர்களேதான் நிகழ்ச்சி. பத்தொன்பது பேருக்கும் ஒரே துணி என்பதால் கிட்டார்காரருக்கும் பறைக்காரருக்கும் பேதம் காட்ட முடியாது. வழக்கமான ‘ஃப்யூஷன்’ விளம்பரத்தில் மேற்கத்தியக் கருவிக்காரர் ஜீன்ஸில் நிற்பார், பறைக்காரருக்கு மட்டும் வேட்டியும் சலங்கையும் கட்டிவிடுவார்கள். அந்தப் பேதத்தைத்தான் இந்தத் துணி ஒழித்தது.

இரஞ்சித் இந்தக் காட்சி மொழியைத் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை. ‘கபாலி’யின் முதல் விளம்பரப் படங்களிலேயே ரஜினிகாந்த் கோட்டு சூட்டில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். 2017இல் வந்த ‘காலா’வின் முதல் சுவரொட்டியில் அவர் அமர்ந்திருந்த ஜீப்பின் எண் பலகையில் பி.ஆர். என்ற எழுத்துகளும் 1956 என்ற எண்ணும் இருந்தன. பீமாராவ் ராம்ஜியின் முதலெழுத்துகள்; நாக்பூரில் பௌத்தம் தழுவிய ஆண்டு. ரசிகர் மன்றத்துக்காரர்கள் பாலாபிஷேகம் செய்த கட்அவுட்டில் அந்த எண் இருந்தது. சுவரொட்டியில் ஒரு மூலைகூட வீணில்லை என்பதற்கு அதை விட நல்ல பாடம் கிடையாது.

பெயருக்கு வருவோம். ‘காஸ்ட்லெஸ்’ என்பது அயோத்திதாச பண்டிதரின் ‘சாதியற்ற’ என்ற சொல்லிலிருந்து எடுத்தது. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தம் மக்கள் தங்களைச் ‘சாதியற்ற திராவிடர்’ என்று பதிய வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். அந்தச் சொல்லை எடுத்தது பெரிய காரியம். ஆனால் அதை ஆங்கிலத்தில் வைத்ததில் எங்களுக்கு இன்றும் ஒரு வருத்தம் உண்டு. கீழ்ப்பாக்கத்தில் அந்த எழுத்து சரி. செஞ்சிக் கூட்ரோட்டில் காய்கறிக் கூடையோடு பேருந்துக்கு நிற்கிற அம்மாவுக்கு அது ஒரு செருப்புக் கடையின் பெயராகக்கூடத் தோன்றலாம். பண்டிதர் ஒரு காசு விலையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று 1907இல் பத்திரிகை தொடங்கியவர். விலையும் மொழியும் தலைப்பிலேயே இருந்தன. உலகம் முழுக்கப் போய்ச் சேர ஆங்கிலம் தேவைப்பட்டது என்று நண்பர்கள் பதில் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்கிறோம், பாதி மனதோடு.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். நீலம் போட்டால் தலித் சுவரொட்டி ஆகிவிடும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அம்பேத்கர் 1936இல் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் கொடி சிவப்பு. 1942இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வந்தபோதுதான் நீலக்கொடி வந்தது. வர்க்கத்தின் பெயரால் கட்டிய மேடையிலிருந்து சாதியின் பெயரைச் சொல்லியே அரசியல் செய்ய வேண்டிய நிலைக்கு வந்த வரலாறு அந்த நிற மாற்றத்தில் இருக்கிறது. வானம் போல எல்லோருக்கும் பொது என்பதால் நீலம் என்று மேடையில் சொல்வது கேட்க நன்றாக இருக்கும். வரலாறு அதை விடக் கரடுமுரடானது. அமெரிக்காவில் பிளாக் பேந்தர் கட்சியின் பத்திரிகையை வடிவமைத்த எமரி டக்ளஸ் தடித்த கறுப்புக் கோடுகளும் ஒன்றிரண்டு வண்ணங்களும் மட்டும் வைத்து வரைந்தார். மலிவு அச்சில் அவ்வளவுதான் முடியும். முடிந்ததை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் தெரிகிற ஒரு பாணியை உண்டாக்கினார். கையில் ஆயிரம் வண்ணம் இருக்கும்போது எதை விடுவது என்பதுதான் இன்றைய கேள்வி. ஓர் உபகதை: அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும்தான் வெயிலுக்கு முதலில் வெளுக்கின்றன. எந்தக் கட்சிச் சுவரொட்டியும் நாலு மாதம் செஞ்சி வெயிலில் நின்றால் நீலமாகிவிடும். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் எங்கள் ஓவியர்.

இனி, இல்லாத படம். 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடி வளர்ந்த அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாட்டை எடுத்தார். அந்தப் பாட்டி காணொளியிலேயே தோன்றினார். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் இரண்டு கலைஞர்கள் இருந்தார்கள்: தீ, ஷான் வின்சென்ட் டி பால். இதழ் பெருமையாகச் சொன்ன பாடல்கள் ‘எஞ்சாயி எஞ்சாமி’யும் ‘நீயே ஒளி’யும். இரண்டிலும் எழுத்து அறிவுடையது. அட்டையில் அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். சமூக ஊடகங்களில் பெரும் விவாதம் நடந்தது. அதற்குப் பிறகு அறிவுக்கென்று ஒரு மின்னட்டை வெளியானது.

அட்டையில் நின்ற இருவரின் திறமையைக் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கம் அல்ல. ஷான் ஈழத் தமிழ் வம்சாவளிக் கலைஞர். அவருடைய வலியும் தனி வலி. நாம் கேட்க வேண்டியது வடிவமைப்பைப் பற்றிய கேள்வி. ஒரு பாட்டு தோட்டத்து வேர்வையிலிருந்து வந்தது என்பதற்காகவே உலகம் அதைக் கேட்டது. அதை விற்கிற அட்டை தயாராகும்போது மட்டும், அந்த வேர்வைக்குச் சொந்தக்காரர் சட்டகத்துக்கு வெளியே போகிறார். யாரோ ஒருவர் வஞ்சகமாக உட்கார்ந்து திட்டமிட்டு வெட்டியிருக்க வேண்டியதில்லை. முகம் எது, பின்னணி எது என்று நூறு ஆண்டு போர்டுகளும் அட்டைகளும் பழக்கிவிட்ட கண் அந்த வேலையைத் தானாகச் செய்யும். பேண்டு செட் போர்டில் நடந்ததும் அதுதான். மறு ஆண்டு ஜூலையில் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் ஒலித்தது. அதன் பிறகு அவர் தன் உழைப்பைப் பற்றி வெளிப்படையாக எழுத வேண்டியதாயிற்று. பாடலை எழுதியவன் நான்தான் என்று ஒரு கலைஞன் அறிக்கை விட வேண்டிய நிலையை நினைத்துப் பாருங்கள்.

பின்னட்டையில் பெண்கள் நிலை இதை விடச் சிக்கல். காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பத்தொன்பது பேரில் ஒருவரே பெண், இசைவாணி. ஆண்களின் சொத்தாக இருந்த கானாவைப் பாடி, 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். பத்தொன்பதில் ஒன்று என்பதை நாம் மற்றவர்களிடம் கேட்கிற அதே கேள்வியோடு நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். சேரிச் சுவரொட்டிகளில் மகளிரணித் தலைவியின் படம் எந்த மூலையில் எவ்வளவு அளவில் இருக்கிறது என்று வீட்டுக்குப் போகும் வழியில் பாருங்கள்.

செஞ்சிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. நம் தலைக்கு மேலேயே ஓர் உதாரணம் நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. பெருமைதான். 1677இல் சிவாஜி கைப்பற்றியது, ராஜாராம் மொகலாயர் முற்றுகையை எட்டு ஆண்டுகள் தாங்கியது, தேசிங்குராஜன் 1714இல் மாண்டது என்று வரலாறு நீளம். எந்தப் படத்தை எடுத்தாலும் ராஜகிரி நடுவில், கீழே கல்யாண மகால். கிருஷ்ணகிரி ஓரத்தில் வரும். சந்திரகிரி சில சமயம் வரும். நாலாவதாக ஒரு சின்னக் குன்று இருக்கிறது. அதற்கும் மதில் உண்டு. பழைய வரலாற்று நூல்களில் அதன் பெயர் சக்கிலி துர்க்கம். தோல் வேலை செய்த மக்களின் பெயரில் ஒரு கோட்டைக் குன்று! குதிரைக்குச் சேணம், வாளுக்கு உறை, தண்ணீர் இறைக்கத் தோல் சால், போர் முரசுக்குத் தோல், இத்தனையும் இல்லாமல் எந்தக் கோட்டை முற்றுகையைத் தாங்கியிருக்கும்? அந்தக் குன்று நிற்கிற செஞ்சிப் படத்தை நாங்கள் இதுவரை ஒரு சுவரொட்டியிலும் பார்த்ததில்லை. நம் பிள்ளைகளின் சுவரொட்டிக்குப் பின்னணியாக அந்தக் குன்றைத்தான் வைத்திருக்கிறோம். புகைப்படம் எடுக்கப் போன பையன் வழி கேட்டபோது, சொல்லத் தெரிந்தவர் ஆடு மேய்க்கிற ஒருவர்தான்.

இனி எங்கள் சண்டை.

குழுவின் பெயரில் ‘பறை’ என்ற சொல் இருக்க வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். எங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற பெரியவர் வேண்டாம் என்றார். அவருக்கு எழுபது வயதிருக்கும். முப்பது ஆண்டுகள் ஊர்ச் சாவுக்கு அடித்தவர். பாடைக்கு முன்னால் காலையிலிருந்து வெயிலில் நின்று, சாராயமும் சில்லறையும் கூலியாக வாங்கி, ஒரு நாள் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு அவருக்கு ஊரில் கூலி வேலை கிடைக்காமல் போன காலமும் உண்டு. ‘விட்டுட்டு வந்ததை நீங்க எழுதி ஒட்டப் போறீங்களா?’ என்று கேட்டார். பிள்ளைகள், பறை என்பது அடிமைத் தொழில் இல்லை, ஆதி இசை, சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது என்று சொன்னார்கள். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘சங்கத்துல இருந்தவன் எனக்குச் சாவு வீட்டுல சோறு போட்டானா?’ என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

இந்த விவாதம் எங்கள் திண்ணையில் பிறந்தது அல்ல. நூற்றிமுப்பது ஆண்டுப் பழையது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவென்று எறிந்த பெயரை எடுத்துத் தலைப்பில் வைத்தால்தான் இழிவு போகும் என்பது அவர் வழி. அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது எதிரிகள் சூட்டிய பெயர், நாம் சாதியற்றவர்கள் என்பது அவர் வழி. இரண்டு பேரும் உறவினர்கள்கூட. இருவரில் யாரையும் நாம் விட்டுவிட முடியாது. சீனிவாசன் வழியில் பிள்ளைகள் நின்றார்கள். பண்டிதரைப் படிக்காமலே பெரியவர் பண்டிதர் பக்கம் நின்றார். எங்கள் கருத்தைக் கேட்டால், சுவரொட்டியில் சொல் இருக்க வேண்டும் என்பதே. ஆனால் அந்தச் சொல்லின் விலையைக் கொடுத்தவர் அதை மறுக்கும்போது, அந்த விலையைக் கொடுக்காத நாங்கள் அவருக்கு வகுப்பெடுக்க முடியாது.

கடைசியில் பெயரில் சொல் இருக்கட்டும் என்று அவரே விட்டுக்கொடுத்தார். ஒரு நிபந்தனை: கருவியைத் தப்பாக வரையக் கூடாது. அச்சகத்தில் வேலை செய்கிற தம்பி முதலில் போட்டுக் காட்டிய படத்தில் ஓரமெல்லாம் சிஞ்சா கோத்த வடநாட்டுக் கஞ்சிரா ஒன்று இருந்தது. ‘பறை’ என்று தேடினால் கணினி அதைத்தான் காட்டுகிறதாம். பெரியவர் சிரித்துவிட்டு நிஜப் பறையைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் பிணைத்த சட்டம். புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய தோல். குட்டையான அடிக்குச்சி, நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி. தோல் வட்டத்தின் நடுவில் நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சிக் கருகிய ஒரு நிறம் இருக்கும். எந்த மென்பொருளிலும் அந்த நிறம் கிடைக்காது. அதையே புகைப்படம் எடுத்தோம். சுவரொட்டியில் பின்னணிக் குன்றுக்கு மேல் பெரிய வட்டமாக அதுதான் நிற்கிறது. சூரியனா நிலாவா என்று கேட்பார்கள்; கேட்கட்டும்.

ஆட்களை ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நிறுத்தினோம். நடுவில் யாரையும் வைக்கவில்லை. கோட்டு வேண்டுமா என்று பேசிப் பார்த்தோம். பதினோரு கோட்டுக்குப் பணம் இல்லை. கல்லூரிக்கும் வேலைக்கும் போட்டுக்கொண்டு போகிற உடுப்பிலேயே நிற்கிறார்கள். ஒரு பெண் செவிலியர் பயிற்சிச் சீருடையில். இன்னொருவர் டெலிவரி கம்பெனியின் டி-சட்டையில் வந்தார்; கம்பெனி எழுத்தை மட்டும் அழித்தோம். தலைவர் படம் வாழ்த்துரைக்கு மேல் வைக்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். வழக்கமாக மேல்வரிசையில் ஒன்பது வட்டங்களில் ஒன்பது தலைவர்கள் வருவார்கள். கீழே நிகழ்ச்சி பற்றி எழுத இடம் இருக்காது. இந்த முறை வட்டங்களே வேண்டாம் என்றோம். அதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டு இன்றைக்கு வரவில்லை. பரவாயில்லை, வருவார்.

எந்தச் சுவரில் ஒட்டுவது என்பதும் பேச வேண்டியதாயிற்று. படித்தவர்கள் இதை வடிவமைப்பின் பகுதியாக நினைப்பதில்லை. எந்தச் சுவரில் நம் சுவரொட்டி காலைவரை இருக்கும், எதில் சாணி அடிப்பார்கள், எதில் ஒட்டினால் அடுத்த நாள் காவல் நிலையத்தில் உட்கார வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் ஒட்டிய அம்பேத்கர் பிறந்தநாள் சுவரொட்டியை விடிவதற்குள் முகம் மட்டும் கிழித்திருந்தார்கள். நேரம், இடம், ‘அனைவரும் வருக’ எல்லாம் அப்படியே இருந்தது. கிழித்தவர்களும் படத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான்.

பெரியவரின் இன்னொரு கோரிக்கையை முதல் மாலையில் சொல்லவில்லை. இரண்டாவது மாலை தனியாக வந்து சொன்னார். பேத்தியை வெளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நம் சாதிதான், ஆனால் படித்த குடும்பம். தாத்தா சாவுக்கு அடித்தவர் என்பது அந்த வீட்டில் தெரியாது. சுவரொட்டி இப்போதெல்லாம் சுவரோடு நிற்பதில்லை, கைபேசியில் போய்விடுகிறது. ஆகவே படத்தில் தன் முகம் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றார். ‘கை மட்டும் போடுங்க. குச்சி பிடிக்கிறதை யாராச்சும் சரியா காட்டணும்ல.’

இவ்வளவு நேரம் முகமில்லாத கைகளைப் பற்றித்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பேண்டு செட் போர்டிலிருந்து பத்திரிகை அட்டை வரை. இப்போது நம் சுவரொட்டியிலேயே அப்படி ஒரு கை. முதலாளி மறைத்ததற்கும் அவரே மறைத்துக்கொண்டதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று ஒரு மாணவர் சொன்னார். அவரை மறைந்துகொள்ள வைத்தது எது என்று பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு இல்லை என்று இன்னொரு மாணவி சொன்னார். விடியும்வரை பேசினாலும் தீராது என்பதால் அவர் சொன்னபடியே செய்தோம்.

சுவரொட்டி இதோ இந்த மேடைக்குப் பின்னால் தொங்குகிறது. போகும்போது பாருங்கள். வட்டத்துக்குக் கீழே பதினோரு பேர். அவர்களுக்கு இடப்பக்கம், சட்டகத்துக்குள் நுழைகிற இரண்டு கைகள், முழங்கை வரை. கீழே ஒரே அளவு எழுத்தில் பதினோரு பெயர்கள். பன்னிரண்டாவது வரி காலியாக விட்டிருக்கிறோம். அச்சகத்துத் தம்பி அது பிழை என்று நினைத்து இரண்டு முறை கேட்டார். மைதா காய்ச்சியாயிற்று. கூட்டம் முடிந்ததும் ஆறு பேர் கிளம்புகிறார்கள். வர விருப்பமுள்ளவர்கள் வாளியைப் பிடிக்க வரலாம்.